நெற்றி உள்ள பென்சில்கள்

திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்குப் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு டிபன் டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் பென்சில்கள். காலையில் இதே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் குழம்பு கொட்டிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். திரும்பும்போது அதை ஒற்றைக் கையில் வீசிக்கொண்டு நடந்தேன். இனிமேல் அதில் கொட்டவும் உடையவும் ஒன்றும் இல்லை.

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஏறவில்லை. ஏறினால் சீக்கிரம் வீடு வந்துவிடும்.

அன்று விஜயதசமி. அச்சகங்களின் வாசலில் எல்லாம் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமம் கலந்த பூசணிச் சதை தார் ரோட்டில் லாரிச் சக்கரம் பட்டு இழுபட்டுக் கிடந்தது. எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் மாலை, முகப்பில் சந்தனம். ஒரு மண் அள்ளும் இயந்திரத்துக்குக்கூட அதன் இரும்புக் கையில் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். இரும்புக்குப் பொட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது.

நான் பென்சில் முனையில் உருவம் செதுக்குகிறவன். அதை என் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கு வந்ததில்லை. தொழில் என்று கேட்டால் அந்தந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருக்கிறேனோ அதைச் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பட்டாசு ஆபீஸில் ஆள் எடுத்தார்கள், போனேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், நான் வேலை செய்த ரூமுக்கு இரண்டு ரூம் தள்ளி ஒரு ரூம் வெடித்துப் போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காதில் கொஞ்ச நாள் ரீங்காரம் இருந்தது. செருப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் வெறுங்காலோடு திருப்பூர் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஊர் ஊராகத்தான். பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் பேக்கரி, ஆந்திராவில் முறுக்குச் சுற்றியது, கேரளாவில் தச்சர்களுக்குக் கையாள். எங்கும் தங்கியதில்லை. ஒரு இடத்தில் சோறு பழகி, தெரு பழகி, டீக்கடைக்காரர் கேட்காமலே டீ போட ஆரம்பித்தார் என்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

கேரளாவில்தான் பென்சில் கைக்கு வந்தது. தச்சர்கள் காதில் செருகியிருக்கும் பென்சில் தட்டையாக இருக்கும். கரியும் பட்டையாக, தடியாக இருக்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுக்காரனோ, பென்சில் கரியில் சங்கிலி கோர்த்துக்கொண்டிருந்தான். நானும் சவர பிளேடை ஒடித்து நோண்டிப் பார்த்தேன். முதலில் செதுக்கியது ஒரு சுத்தியல். சுத்தியல் மாதிரி இருந்தது என்று நான்தான் சொன்னேன். மேஸ்திரி பல்குத்தும் குச்சி என்றார்.

அந்த வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மருந்துக்கடையில் ஆபரேஷனுக்கு விற்கும் பிளேடு வேண்டும். ஒரு தையல் ஊசியைக் குச்சியில் செருகிக்கொள்ள வேண்டும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். முதலில் மரத்தைச் சீவிக் கரியை வெளியே எடுக்க வேண்டும். கருப்பு நன்றாக விழும் பென்சிலில் கரி தடியாக இருக்கும், ஆனால் பொடிந்துவிடும். கெட்டியான பென்சிலில் பொடியாது, ஆனால் ஒல்லியாக இருக்கும். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் ஒரு கீறல். தூளை ஊதக்கூடாது, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஒதுக்க வேண்டும். முக்கால்வாசி நேரம் கடைசிக் கீறலில்தான் தலை போகும். போனால் மறுபடியும் சீவ வேண்டியதுதான். ஒட்ட முடியாது.

போன வருடம் ஊருக்குத் திரும்பி வந்தேன். திரும்பி வர வேண்டும் என்று வரவில்லை. மேற்கொண்டு போக ஊர் தோன்றவில்லை, அவ்வளவுதான். நாரணாபுரத்துப் பக்கம் அக்கா வீட்டில் தங்கினேன். அக்கா பட்டாசு ஆபீஸில் திரி சொருகும் வேலை பார்க்கிறாள். மச்சானுக்கு லாரியில் வேலை, மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். அக்காவும் நானும்தான் மிச்சம். அம்மா அப்பா இருந்தபோதே எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். அதனால் என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

"ஏலே, ஒன்னாப்புப் பிள்ளைகளே பென்சிலச் சீவிட்டு எழுத ஆரம்பிச்சிருதுக. நீ இன்னும் சீவிக்கிட்டே இருக்கியே" என்பாள்.

நான் ஏதாவது செதுக்கிக் காட்டினால், தூரத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவளுக்கு வெள்ளெழுத்து விழ ஆரம்பித்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு. என்னது இது?" என்பாள்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தகடு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலண்டரின் மேலேயும் கீழேயும் தகரப் பட்டை இருக்குமே, அதை அடிக்கிற வேலை. சீசன் வேலைதான். மார்கழி முடிந்தால் போகச் சொல்லிவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னத்தலே நோண்டிக்கிட்டு இருக்க?"

நீட்டினேன். ஒரு காளை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திமில் வச்சிருக்கயே, படுவா" என்றார்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டுப் பேசினார். மதுரைப் பக்கம் நோட்டு, பேனா மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் தன் கடைக்கென்று தனியாக ஒரு காலண்டர் கேட்டிருக்கிறார். சாமி படமும் வேண்டாம், குழந்தை படமும் வேண்டாம், எவனும் போடாததாக வேண்டும் என்கிறார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பென்சில். மாதத்துக்கு ஒரு உருவம்.

"முடிச்சுக் கொண்டாந்து குடு. விஜயதசமி அன்னிக்கு போட்டோ புடிச்சு வேலையை ஆரம்பிச்சிரலாம். அந்த ஆளும் நல்ல நாளு பாக்கிறவரு, அன்னிக்கே மாதிரியப் பாக்கணும்ங்காரு. இது நல்லா வந்துச்சுன்னா ஒனக்கு டிசைன் செக்ஷன்ல ஒரு நாற்காலி போட்டுருவோம். வருசம் பூரா வேலை. தகடு அடிக்க வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

டிசைன் செக்ஷன் என்பது கண்ணாடி போட்ட ரூம். உள்ளே ஏசி. கதவைத் திறந்து யாராவது வந்தால் வெளியே நிற்கிறவன் முழங்காலில் குளிர்காற்று வந்து படும். அதில் ஒரு நாற்காலி. அக்காவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. மறுநாள் அவள் ஆபீஸில் திரி சொருகுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய போர்மேன் என்னை உள்ளே வேலைக்கு அனுப்பச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமே போய், "எந்தம்பி வெடிமருந்துக்குள்ள எல்லாம் வரமாட்டான். அவன் டிசைன் ஆபீஸ்ல சேரப் போறான்" என்று சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு அது வெறும் பெருமை இல்லை. நான் ஊரைவிட்டு ஓடியதற்கு முந்தின நாள், ரூம் போன சத்தம் கேட்டு வயலுக்குள் விழுந்து ஓடி வந்து, கிடந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் துணி விலக்கிப் பார்த்தவள் அவள். என் செருப்பு மட்டும் அவளுக்குக் கிடைத்தது. நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரியும்.

தகடு வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். ஆடி முடிந்து ஆரம்பித்தது, புரட்டாசி வரை ஓடியது. காளை தை மாதத்துக்கு. மாம்பழம், பனைமரம், தேர், கோபுரம், அய்யனார் குதிரை, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பிள்ளையார், மார்கழிக்கு நட்சத்திரக் கோலம் என்று போனது. தீபாவளி மாதத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தாப்பு செதுக்கினால் துடைப்பம் மாதிரி இருந்தது. கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் சுளகு வைத்து, குனிந்து திரி சொருகும் ஒரு பெண்ணைச் செதுக்கினேன். குனிந்த கழுத்து மெல்லியதாக வரவேண்டும். நாலு பென்சில் போன பிறகுதான் அது நின்றது. அக்காவைப் பார்த்துச் செதுக்கியது என்று அவளிடம் சொல்லவில்லை. காலண்டரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குப் பட்டாசு ஆபீஸைக் கழுவிவிட்டு, மாலை போட்டு, பொரி கொடுத்து, மறுநாளும் லீவு விடுவார்கள். அக்கா காலையிலிருந்து வீட்டைக் கழுவினாள். சாயங்காலம் என்னைப் பொரிகடலையும் வாழைப்பழமும் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினாள். கடையில் கூட்டம். தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி வைத்துப் பேசினார். நான் திரும்பி வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள்.

சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை. இலையில் அருவாமனை, கத்தி, மச்சானுடைய ஸ்பேனர், அவள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கத்தி, தையல் ஊசி டப்பா. எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு செம்பில் அரிசி நிரப்பி, அரிசியில் என் பன்னிரண்டு பென்சில்களையும் கரி மேலே இருக்கும்படி குத்தி நிறுத்தியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னலே அப்பிடிப் பாக்குற? இத்தன வருசமா ஒனக்குன்னு எடுத்து வைக்க ஒரு சாமானாவது இருந்துச்சா? இன்னிக்குத்தாம்லே ஒன் தொழிலுக்கும் சேத்துக் கும்பிடுதேன். வந்து சூடத்தப் பொருத்து."

"பொட்டு எங்க வச்ச?"

"பொட்டு எங்க வைப்பாக?" என்றாள்.

கிட்டே போய்ப் பார்க்கப் போனேன். தொடாதே என்றாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை அதற்கு ஓய்வு. அருவாமனையைத் தொட முடியாது என்பதால்தான் ராத்திரிக்கு வேண்டிய காயை முன்பே நறுக்கி வைத்திருந்தாள். எனக்கும் அது தெரியும். சிறுவயதில் ஆயுத பூஜை அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால்தான் அந்த நாள் எனக்குப் பிடிக்கும். விளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சூடம் பொருத்தினேன். அக்கா கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும் அவள் குளித்து, மறுபூஜை முடித்து, இலையை வடக்கே நகர்த்தினாள். நான் செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.

பனைமரம் நன்றாக இருந்தது. அதற்குப் பொட்டு மரத்தில், கரிக்குக் கீழே, அழகாக வைத்திருந்தாள். தேருக்கும் அப்படியே. மாம்பழத்துக்கும் கோபுரத்துக்கும் அப்படியே. முனை மெல்லியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தள்ளித்தான் வைத்திருக்கிறாள். ஆனால் காளைக்குத் தலை இல்லை. குதிரைக்கு இல்லை. பிள்ளையாருக்குத் தும்பிக்கையோடு போயிருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பை மட்டும் இருந்தது. சுளகு வைத்திருந்த பெண்ணுக்குக் கழுத்து வரைக்கும்தான் இருந்தது. முண்டத்தின் மேலெல்லாம் சந்தனம் காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

நெற்றி உள்ளதற்கெல்லாம் நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறாள். வேறு எங்கே வைப்பாள்.

அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தலைகள் எள்ளைவிடச் சின்னவை. மோதிர விரலில் இருந்த சந்தனத்தோடு அவை ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அவள் கையைக் கழுவியிருப்பாள். ஒவ்வொரு தலைக்கும் எனக்கு ஒரு வாரம் ஆனது என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள முயன்றேன். கோபம் வரவில்லை. அவள் பின்னாலிருந்து, "நேரமாச்சுலே, நல்ல நேரம் போயிரும். வெள்ளச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். போட்டுக்கொண்டு போனேன்.

மிச்சம் இருப்பதை முதலில் போட்டோ எடுத்தால், போனதைத் தீபாவளிக்குள் செதுக்கிக் கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். நினைத்தது அவ்வளவுதான்.

அண்ணாச்சி தேங்காய் உடைத்து முடித்திருந்தார். கண்ணாடி ரூமுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புத் துணி விரித்து, விளக்கெல்லாம் வைத்து, டிசைன் போடுகிற பையன் கேமராவோடு தயாராக இருந்தான். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளைக்கு அப்பன். என்னைவிடச் சின்னவன் என்பதால் அண்ணே என்பான். டப்பாவைத் திறந்தேன்.

"என்ன, எல்லாம் பொட்டு வச்சுப் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு?" என்று அண்ணாச்சி சிரித்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "தலை எங்கலே?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பூசையில வச்சதுக்குப் பொட்டு வைக்காம என்ன செய்வா, பொம்பள" என்றார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு மதுரைக்காரருக்குப் போன் போட்டார். ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்டது. நல்ல நாளில் ஆரம்பிக்காவிட்டால் இந்த வருடம் காலண்டரே வேண்டாம், போன வருடத்துப் படத்தையே போட்டுக்கொள்கிறேன் என்றது. தலை போன சங்கதியைக் கேட்டதும் அது சகுனத்தடை என்று வேறு சொன்னது. அண்ணாச்சி, "சாயங்காலத்துக்குள்ள மாதிரி அனுப்புதேன், வையிங்க" என்று வைத்தார்.

டிசைன் பையன் கேமராவை மேஜையில் வைத்தான். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ட்ட சொன்னா அதுவே போட்டுக் குடுக்கும்" என்றான்.

"என்னத்தைப் போட்டுக் குடுக்கும்?"

அவன் உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ அடித்தான். நாங்கள் பின்னால் நின்றோம். திரையில் ஒரு மங்கல். மங்கல் தெளிந்து ஒரு பென்சில் வந்தது. பென்சில் முனையில் காளை. திமில், கொம்பு, கழுத்துச் சலங்கை, மூக்கணாங்கயிற்றின் முறுக்கு. தூசி பறக்கிறது. இன்னொன்று கேட்டான். கோபுரம் வந்தது, ஒவ்வொரு நிலையிலும் பொம்மையோடு. நான் தீபாவளிக்கு என்ன செய்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பூச்சட்டி என்று நாங்கள் சொல்லும் புஸ்வாணம் பொரிவது மாதிரி, பொறி ஒவ்வொன்றும் கரியாலேயே.

குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். "கரியைவிடக் காளை பெருசா இருக்கு அண்ணாச்சி. இவ்வளவு அகலம் கரியில வராது" என்றேன்.

"பாக்கிறவனுக்கு அது தெரியுமாலே?"

தெரியாதுதான். எனக்கே அது நன்றாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி பன்னிரண்டையும் போடச் சொன்னார். போடப் போட அவர் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி, அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லாமல், "ஒன் பென்சிலு ஒடையாம இருந்தாலும் அடுத்த வருசம் இதத்தானப்பா போட்ருப்போம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். தகடு அடிக்கும் வேலையைக் கேட்டேன். ஆள் வந்துவிட்டது, தீபாவளி கழித்து வந்து பார் என்றார். பொரியும் சுண்டலும் ஒரு தேங்காய் மூடியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

டிசைன் பையன் வாசல் வரை வந்தான். "மனசுல வச்சுக்காதீக அண்ணே. இது இம்புட்டு வேலை செஞ்சா எனக்கு மட்டும் எம்புட்டு நாளைக்கு நாற்காலி இருக்கும்?" என்றான். அவன் திரும்பி உள்ளே போகும்போது குளிர்காற்று வந்து முழங்காலில் பட்டது.

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். ரோட்டின் இருபுறமும் சீமைக்கருவேலம். நடுநடுவே தீபாவளிக்கு முளைத்த பட்டாசுக் கடைகள், பாதி விலை என்று எழுதிய துணி. வெயிலில் பென்சில் டப்பா சுட்டது. இதைத் தூக்கி முள்ளுக்குள் எறிந்துவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எந்த ஊர் பஸ்ஸிலாவது ஏறலாம் என்று தோன்றியது. வழக்கமாக அந்த நினைப்பு வந்தால் கால் வேகமாக நடக்கும். அன்று அப்படி நடக்கவில்லை. போய்ச் சேருகிற ஊரில் தச்சனுக்கோ பேக்கரிக்காரனுக்கோ கையாளாக நிற்பேன். அங்கேயும் யாராவது திரையில் ஏதாவது காட்டுவார்கள். அதோடு, அக்கா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். இன்னொரு தடவை என் செருப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

வாசலில்தான் நின்றாள்.

"போட்டோ புடிச்சாகளா?"

"இல்ல. அந்த மதுரைக்காரரு வேண்டாம்னுட்டாராம்."

"ஏனாம்?"

"கம்ப்யூட்டர்லயே போட்டுக்கிட்டாக."

அவள் என் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சுளகு வைத்திருந்த பெண்ணைத்தான் முதலில் எடுத்தாள். "இது என்ன, தலை இல்லாத மாதிரி இருக்கு? எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

"வண்டியில வரும்போது ஒடஞ்சிருச்சு. பள்ளமும் மேடுமா ரோடு கெடக்கு."

"டப்பாவ மடியில வச்சுக்கிட வேண்டியதுதானலே. எதையும் ஒழுங்காக் கொண்டுபோகத் தெரியாது." பென்சிலைப் பஞ்சுக்குள் பழையபடி வைத்தாள். அவள் வைத்த விதத்தைப் பார்த்தால், அதற்கு இன்னும் தலை இருப்பது போல இருந்தது. "நான் மனசு நெறஞ்சு கும்பிட்டேனே. பொட்டு பத்தல போலருக்கு."

"ஆமா" என்றேன்.

பொரிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம். அவள் தேங்காய் மூடியிலிருந்து பத்தை கீறிக் கொடுத்தாள். பத்தை தீர்ந்ததும், என்னைப் பார்க்காமல், "போர்மேன் ஆள் பத்தலைன்னு கத்துறாரு. கடைசி நேரத்து ஆர்டரு. பத்து பதினஞ்சு நாளைக்குத்தாம்லே. பெறகு நீ பாட்டுக்கு எங்கயும் போ" என்றாள். வரமாட்டேன் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அவளே எதிர்பார்ப்பது மாதிரி இருந்தது அந்தக் குரல். நான் சரி என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே ஏதோ பாத்திரத்தை ஓசைப்படத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளோடு கம்பெனி வேனில் போனேன். கேட்டில் காவல்காரர் எல்லாரையும் தடவிப் பார்த்தார். தீப்பெட்டி, பீடி, போன், இரும்புச் சாவி, பக்கிள் வைத்த பெல்ட்டு எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட வேண்டும். இரும்பு உரசினால் பொறி வரும். என் சட்டைப் பையில் பிளேடு இருந்தது. பழக்கத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வாங்கி இரண்டு விரலால் பிடித்துப் பெட்டிக்குள் போட்டார். பக்கத்தில் ஒரு பென்சிலும் இருந்தது, சீவாத புதுப் பென்சில்.

"இதுல இரும்பு இருக்கா?"

"இல்லண்ணே. கரிதான்."

"கரியும் மருந்துதாம்லே. வெளிய வை."

அக்கா பெண்கள் ரூமுக்குப் போகும் வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போர்மேன் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க. டிசைன் ஆபீஸ்ல ஏசி கூடிப்போச்சோ?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாசலில் செம்புத் தகடு பதித்திருந்தது. உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்குவதற்காக அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். தொட்டேன். ரூமில் நாலு பக்கமும் கதவு, நாலும் திறந்திருந்தன. ஓடுவதற்கு. தரையில் ரப்பர் விரிப்பு. விஜயதசமிக்கு முந்தின நாள் சுவரில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னார். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலை. ஒரு தட்டில் காலிக் கூம்புகள், ஒரு சட்டியில் மருந்து, கையில் ஒரு மரக்குச்சி.

"இடிக்கப்படாது. மெதுவா அமுக்கணும். மூச்சப் புடிச்சுக்கிட்டு அமுக்கு."

மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அமுக்கினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"கை நல்லா நிக்குதேலே ஒனக்கு" என்றார். அடுத்த கூம்பை எடுத்தேன்.